ஒப்பந்தப்புள்ளி தேர்ந்தெடுத்த கணினி: பட்டாசு வட்டாரத்தில் மலிவு மடிக்கணினியின் வரலாறு

விருதுநகர் மாவட்டத்தில் புதுப்பட்டி என்னும் பெயர் ஓர் ஊருக்கு மட்டும் உரியதன்று; வத்திராயிருப்பை அடுத்துள்ள ஊர் வ. புதுப்பட்டி என்றும், சிவகாசிப் பகுதியில் உள்ளது எம். புதுப்பட்டி என்றும் முன்னெழுத்தால் பிரித்தறியப்படுகின்றன. எம். புதுப்பட்டியைச் சூழ்ந்த வானம் பார்த்த பூமியில் உழவை மட்டும் நம்பி வாழ முடியாமற்போன மக்களுக்கு, அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குச் சென்று கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலும், அதன் வழியே கிளைத்த பட்டாசுத் தொழிலும், அவ்விரண்டுக்கும் லேபிள் அடிக்கத் தொடங்கிப் பின்னர் நாடு முழுவதற்கும் காலண்டரும் டைரியும் நோட்டுப் புத்தகமும் அனுப்பும் அளவுக்கு வளர்ந்த அச்சுத் தொழிலும் பிழைப்பாயின. இவ்வட்டாரத்தின் தொழில் வரலாறு விரிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அன்றாடச் சிறு வேலைகளுக்கான விலை குறைந்த கணினி இங்குள்ள வீடுகளுக்குள் எவ்வாறு வந்தது, அதை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைப் பற்றிய எழுத்து மிகக் குறைவு. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கே முதல் கணினி எது என்பதை அந்தத் தேர்வுதான் தீர்மானித்தது என்பதால் அது தனியே ஆராயத் தக்கது.

இவ்வட்டாரத்தில் கணினிக்கு வாசல் திறந்தது அச்சுத் தொழில். எழுத்தையும் படத்தையும் திரையிலேயே அமைத்துப் பக்கமாக்கும் முறைக்கு டி.டி.பி. என்று பெயர். 1990-களில் தமிழக அச்சகங்களில் அது பரவியபோது அச்சுக்கோப்பவரின் இடத்தில் கணினி வந்து அமர்ந்தது. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. ஒரு கடையில் தட்டிய பத்தியை மற்றொரு கடையில் திறந்தால் புரியாத குறிகளே திரையில் நிற்கும். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 என்னும் விசைப்பலகை அமைப்பு தரப்படுத்தப்பட்ட பிறகும், பழைய தட்டச்சு முறையில் விரல் பழகியவர்கள் அதையே தொடர்ந்தனர். பட்டாசு ஆலைகளின் நிலை வேறு. மருந்து கலக்கும், திணிக்கும் அறைகளில் ஒரு பொறியும் எழக்கூடாது என்பதால் பகல் வெளிச்சத்தில் மட்டுமே வேலை நடக்கிறது. கைப்பேசிக்கும் அங்கு அனுமதியில்லை. ஆகவே அத்தொழிலில் கணினி என்பது ஆபத்துப் பகுதிக்கு அப்பால், வாசலருகே இருக்கும் அலுவலக அறையின் மேசையோடு நின்றுவிட்ட பொருள். கூலிப் பட்டியல், விலைப்பட்டியல், வருங்கால வைப்பு நிதிக் கணக்கு ஆகியவையே அதன் பணி. 2012 ஏப்ரல் முதல் வைப்பு நிதி விவரங்களை இணையம் வழியே செலுத்தும் முறை கட்டாயமானபோது, சிறு ஆலைகளுக்கும் கணினி தவிர்க்க முடியாததாயிற்று.

இத்தகைய இலகுவான வேலைக்கென்றே பிறந்தது நெட்புக். திரை 7 முதல் 10 அங்குலம் வரை, எடை ஏறத்தாழ ஒரு கிலோ, குறைந்த மின்சாரத்தில் ஓடும் செயலி, குறுந்தகடு போடும் இடமில்லாத உடல், சாதாரண மடிக்கணினியின் விலையில் பாதிக்கும் குறைவான விலை ஆகியவை சேர்ந்ததே நெட்புக் எனப்பட்டது. உலகின் ஏழைக் குழந்தைகள் ஒவ்வொருவருக்கும் 100 டாலரில் ஒரு கணினி என்று நிக்கோலஸ் நெக்ரோபான்டே 2005-இல் முன்வைத்த திட்டம் அதற்கு முன்னோடி. அந்தத் திட்டத்தில் சேர இந்திய அரசு 2006-இல் மறுத்துவிட்டது. கணினி உற்பத்திக்கு வந்தபோது அதன் விலையும் 100 டாலருக்குள் அடங்கவில்லை. ஆனால் அது எழுப்பிய ஆசையைத் தைவானின் ஆசுஸ் நிறுவனம் கடைக்குக் கொண்டுவந்தது. 2007 அக்டோபரில் வெளியான ஈ பிசி 701, 7 அங்குலத் திரையும் 4 ஜிபி சேமிப்பும் லினக்ஸ் இயங்குதளமும் கொண்டிருந்தது. சில மாதங்களிலேயே, திருச்செந்தூர் வட்டாரத்து மூலைப்பொழியில் பிறந்த சிவ நாடாரின் எச்.சி.எல். நிறுவனம் இந்தியாவில் 13,990 ரூபாய்க்கு மைலீப் என்னும் சிறு கணினியை 2008 ஜனவரியில் அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டில் இன்டெல்லின் ஆட்டம் செயலி வந்ததும் எல்லா நிறுவனங்களும் 10 அங்குல நெட்புக்கைச் செய்யத் தொடங்கின.

சிவகாசி போன்ற தொழில்நகர் ஒன்றுக்கு அக்கருவி பொருந்துமா என்பதை அதன் திரையை வைத்தே சொல்லிவிடலாம். பெரும்பாலான நெட்புக்குகளின் திரையில் கிடையாக 1024, நெடுக்காக 600 புள்ளிகளே இருந்தன. ஒரு விண்ணப்பப் பெட்டியைத் திறந்தால் 'சரி' என்னும் பொத்தான் திரையின் கீழ்விளிம்புக்கு அப்பால் போய்விடும்; அதை அழுத்த டேப் விசையைக் கண்ணை மூடிக்கொண்டு எண்ணித் தட்ட வேண்டியிருந்தது. டி.டி.பி. தொழிலில் இன்றியமையாத கோரல்டிராவும் போட்டோஷாப்பும் 768 வரிகளையாவது கேட்டன. மேலேயும் கீழேயும் கொக்கியிடும் தமிழ் எழுத்துகளுக்கு ஆங்கிலத்தைவிடக் கூடுதலாக வரி இடைவெளி வேண்டும் என்பதால், ஆங்கிலத்துக்கு நெருக்கடியாக இருந்த திரை தமிழுக்கு மேலும் குறுகியது. லேபிளும் காலண்டரும் வடிவமைக்கும் கைகளுக்கு நெட்புக் உதவவில்லை என்பது வெளிப்படை. மறுபுறம், 2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டு 2012-இல் நாளுக்குப் பல மணி நேரமாக உச்சம் தொட்டபோது, யு.பி.எஸ். இல்லாமல் நொடியில் அணைந்துபோகும் மேசைக் கணினியைவிட, மின்கலத்தில் சில மணி நேரம் தாங்கும் கருவியே மேலாயிற்று. சிறியதாக இருப்பதைவிட மின்கலத்தில் ஓடுவதே இவ்வட்டாரத்துக்கு வேண்டிய பண்பு என்பதை அம்மின்வெட்டு தெளிவாக்கியது.

ஆயினும் எம். புதுப்பட்டி போன்ற ஊர்களின் வீடுகளுக்குக் கணினி கடையிலிருந்து வரவில்லை, பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. இதன் வேரை அறிய மாவட்டத்தின் கல்வி வரலாற்றைச் சிறிது பார்க்க வேண்டும். விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை வீடுதோறும் அன்றாடம் ஒதுக்கிவைத்த ஒரு பிடி அரிசியைத் திரட்டி வளர்க்கப்பட்டது. காமராசர் சிறுவயதில் படித்தது அங்குதான். அவர் முதலமைச்சராக இருந்த காலத்தில் விரிந்த மதிய உணவு, பின்னர் வந்த சீருடை, பாடநூல், மிதிவண்டி என அரசு தரும் பொருள்கள் ஒவ்வொன்றும் பிள்ளையைப் பள்ளியில் நிறுத்தும் கயிறாகவே இருந்தன. சிவகாசி வட்டாரத்தில் அந்தக் கயிற்றை எதிர்த்திழுத்தது தீப்பெட்டிக் கூலி. தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் 14 வயதுக்குட்பட்டோரை அமர்த்துவதை 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. சிவகாசிச் சிறார்களைப் பற்றி எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், அமர்த்தப்பட்ட குழந்தை ஒவ்வொன்றுக்கும் 20,000 ரூபாயை உரிமையாளர் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பள்ளிக்குத் திரும்பிய அந்தத் தலைமுறைக்கு அடுத்த தலைமுறையே மேல்நிலைப் பள்ளியில் மடிக்கணினியைக் கையில் வாங்கியது. இந்தத் தொடர்ச்சியை விட்டுவிட்டு மடிக்கணினித் திட்டத்தைத் தேர்தல் பரிசு என்று மட்டும் எழுதுவது குறைபட்ட வரலாறாகும்.

2011 சட்டமன்றத் தேர்தலில் வாக்குறுதியாக அளிக்கப்பட்ட திட்டம், அண்ணா பிறந்த நாளான செப்டம்பர் 15 அன்று முதலமைச்சர் ஜெயலலிதாவால் தொடங்கி வைக்கப்பட்டது. 'இலவசம்' என்னும் சொல் பெறுபவரைத் தாழ்த்துகிறது என்னும் எண்ணத்தில் 'விலையில்லா மடிக்கணினி' என்ற தொடர் அரசு வழக்கில் ஏறியது. முதலாண்டில் 9.12 லட்சம் மாணவர்களுக்கு 912 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதாவது ஒரு கணினிக்கு 10,000 ரூபாய் என்று கணக்கிட்டிருந்தனர். கொள்முதல் பொறுப்பு, 1977-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மின்னணு நிறுவனமான எல்காட்டிடம் வந்தது. அந்நிறுவனம் வெளியிட்ட ஒப்பந்தப்புள்ளி, அதாவது இன்ன பொருள் இன்ன தரத்தில் வேண்டும் என்று விற்பவரிடம் விலை கேட்கும் ஆவணம், நெட்புக்கின் வரலாற்றில் தமிழ்நாடு அளித்த தீர்ப்பு என்றே கொள்ளத் தக்கது. உலகமே 10 அங்குல நெட்புக்கை மலிவுக் கணினியாக எண்ணியிருந்த அந்த ஆண்டில், 10,000 ரூபாய் என்னும் கணக்கு நெட்புக்கை நோக்கியே கைகாட்டியிருந்தும், எல்காட் 14 அங்குலத் திரையையும் 2 ஜிபி நினைவகத்தையும் 320 ஜிபி வன்தட்டையும் கேட்டது.

அந்த முடிவு சரியானது. 14 அங்குலத் திரையின் 768 வரிகளில் பாடப்புத்தகப் பக்கத்தைப் படிக்கலாம், முழு அளவு விசைப்பலகையில் பத்து விரல்களாலும் தட்டக் கற்கலாம், ஒரு டி.டி.பி. மென்பொருளையாவது பழகலாம். வீட்டுக்கு ஒரே கணினி என்னும் நிலையில், இரண்டாம் கணினியாகப் பிறந்த நெட்புக்கைத் தருவது மாணவரின் எல்லையைத் தொடக்கத்திலேயே சுருக்கியிருக்கும். ஆனால் அதே ஒப்பந்தப்புள்ளி இயங்குதளத்தில் நெட்புக்கின் குறுகலை ஏற்றுக்கொண்டது. முதலாண்டுகளில் தரப்பட்ட விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், நெட்புக்குகளுக்கென்றே மைக்ரோசாஃப்ட் வெட்டிச் சுருக்கிய பதிப்பு. அதில் திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற இயலாது. அதனருகில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. 2006-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்தபோது எல்காட்டே லினக்ஸுக்கு மாறியிருந்தது என்பதை நினைத்தால், பாஸைக் கற்பிக்கப் பள்ளிகளில் ஆசிரியரும் நேரமும் ஒதுக்கப்படாதது பெரிய இழப்பாகத் தோன்றுகிறது.

கணினியின் மூடியில் தமிழ்நாடு அரசு முத்திரை பொறிக்கப்பட்டிருந்தது. அம்முத்திரையில் உள்ள கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலுடையது என்று பரவலாகக் கருதப்படுவதால், இம்மாவட்டத்துப் பிள்ளைகள் தம் ஊர்ப்பக்கத்துக் கோபுரத்தையே மடியில் வைத்திருந்தனர் எனலாம். விசைப்பலகையில் ஆங்கில எழுத்துகளே இருந்தன. தமிழ் தட்ட விரும்பியவர் தமிழ்99-ஐ மனப்பாடம் செய்யவேண்டும், அல்லது ஆங்கில ஒலியில் தட்டித் தமிழாக்கும் முறைக்குப் போகவேண்டும். பெரும்பாலோர் இரண்டாவதற்கே போயினர். இணையம் இல்லாத வீடுகளில் அது படம் பார்க்கும் பெட்டியானது என்று குறை கூறப்பட்டது உண்மைதான், யு.எஸ்.பி.யில் செருகும் டேட்டா கார்டுக்கு மாதந்தோறும் செலவிடக் கூலி வீடுகளால் இயலவில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து கைப்பேசி வழி இணையம் மலிந்த பிறகே அக்கணினிகளில் பல முதன்முறையாக முழுப் பயன் கண்டன. பொறியியல் கலந்தாய்வு 2018-இல் இணையவழிக்கு மாறியபோதும், 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோதும் அவற்றின் அருமை தெரிந்தது. ஆனால் 2019-20-க்குப் பின் வழங்கல் நின்றுபோனது. அதுவரை ஏறத்தாழ 52 லட்சம் கணினிகள் தரப்பட்டிருந்தன.

இதனிடையே நெட்புக் என்னும் இனமே மறைந்தது. 2010-இல் வந்த ஐபேட் அதன் இடத்தைப் பிடிக்க, 2013-க்குள் ஆசுஸும் ஏசரும் அதைக் கைவிட்டன. 2011 அக்டோபரில் மத்திய அரசு அறிமுகப்படுத்திய ஆகாஷ் என்னும் 7 அங்குலப் பலகைக் கணினியும் வேகக் குறைவால் மாணவரிடம் நிலைக்கவில்லை. எல்காட் அன்று 14 அங்குலத்தை விட்டு 10-ஐத் தேர்ந்திருந்தால் அக்கணினிகளில் எத்தனை 2020 வரை நின்றிருக்கும் என்பது ஐயமே.

2025 மார்ச் 14 அன்று, இம்மாவட்டத்தின் திருச்சுழித் தொகுதியிலிருந்து சென்ற நிதியமைச்சர் தங்கம் தென்னரசு தாக்கல் செய்த வரவு செலவுத் திட்டத்தில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கருவிகள் தர 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதற்கான ஒப்பந்தப்புள்ளியில் எல்காட் கேட்டவை 8 ஜிபி நினைவகமும் 256 ஜிபி எஸ்.எஸ்.டி.யும், திரை மீண்டும் 14 அங்குலம் அல்லது அதற்கு மேல். எஸ்.எஸ்.டி. என்பது சுழலும் தகடு இல்லாமல் சில்லிலேயே தரவைச் சேமிக்கும் கருவி. பழைய மடிக்கணினிகள் மெதுவானதற்கு முதன்மைக் காரணமான வன்தட்டின் இடத்தில் அதையே பொருத்தலாம். அன்றாட எழுத்துக்கும் கணக்குக்கும் விண்ணப்பத்துக்கும் ஒரு சிறு கணினி தேடும் வீட்டில், மூடியில் கோபுரம் பொறித்த பழைய கணினி ஒன்று பரண்மேல் கிடக்குமானால், புதியதை விலை கேட்கும் முன் அதை இறக்கித் துடைத்து, எஸ்.எஸ்.டி.யும் இன்னொரு நினைவக அட்டையும் பொருத்தி, லினக்ஸ் நிறுவி ஓட்டிப் பார்க்க வேண்டும். அது ஓடாதென்று உறுதியான பிறகு கடைக்குப் போனால் போதும்.