நேரம் குறிக்கும் உரிமை: கிரானின் வரலாறு

இணையதளத்திற்கு வாடகை இடம் எடுத்தோர் அதன் கட்டுப்பாட்டுப் பலகத்தில் ‘கிரான்’ என்னும் பகுதியைக் கண்டிருப்பர். தரவுத்தளத்தை நள்ளிரவில் நகலெடுப்பது போன்ற பணிகளைக் குறித்த நேரத்தில் தானே இயக்கும் நிரல் அது. காலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர். அதன் வரலாற்றை, பொதுக் கணினியில் நேரம் குறிக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வியின் வரலாறாகவே நான் வாசிக்கிறேன்.

1979இல் பெல் ஆய்வகத்திலிருந்து வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் கிரான் மிக எளியது. நிமிடந்தோறும் விழிக்கும், ஒரே அட்டவணைக் கோப்பைப் படிக்கும், உரிய ஆணைகளை இயக்கிவிட்டு உறங்கும். அக்கோப்போ கணினி நிர்வாகியின் கையில் இருந்தது.

பர்டூ பல்கலைக்கழகத்தில் ஒரு வாக்ஸ் கணினியைப் பகிர்ந்துகொண்ட 100 பயனர்களுக்கும் இவ்வசதியை விரிக்க முனைந்தபோது கணினி சுமையால் திணறியது. தீர்வு வேறொரு துறையிலிருந்து வந்தது. கணினிவழிப் பாவனை ஆய்வுகளில் நிகழ்வுகளை வரிசைப்படுத்த ஃபிராண்டா, மாலி இருவரும் 1977இல் வெளியிட்ட முறையை, ராபர்ட் பிரவுன் என்னும் ஆய்வு மாணவர் கிரானுக்குப் பொருத்தினார். நிமிடந்தோறும் விழிக்க வேண்டியதில்லை. அடுத்த பணி வரும்வரை உறங்கலாம். மாணவர்கள் தம் துறைக்கு வெளியிலும் வாசிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

பின்னர் சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸில் பயனர் ஒவ்வொருவருக்கும் தனி அட்டவணை கிடைத்தது. 1987இல் பால் விக்ஸி எழுதிய கிரான் லினக்ஸ் வழியே பரவியது. அது மீண்டும் நிமிடந்தோறும் விழிப்பதே! கணினிகளின் வேகம் பெருகியதால் அச்செலவு பொருட்டாகவில்லை.

இன்றைய பகிர்வு ஹோஸ்டிங் அந்தப் பழைய வாக்ஸ் சிக்கலின் மறுபிறப்பு. ஒரே சர்வரில் பலர் குடியிருப்பதால், பணிகளுக்கிடையே குறைந்தபட்ச இடைவெளியை உரிமையாளர் விதிக்கிறார். கடிகாரமும் அவருடையதே. சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடினால், நாம் இரவு 2 மணி எனக் குறித்த பணி இந்தியாவில் காலை 7.30க்கு நிகழும். அமெரிக்க உள்ளூர் நேரத்தில் ஓடினால், கோடைக்கால நேரமாற்றத்தால் அவ்வேறுபாடும் ஆண்டுக்கு இருமுறை மாறும்.

ஆய்வு ஆவணங்களை இவ்வாறான கணக்குகளில் சேமிப்போர் ஒன்றைக் கருத வேண்டும். கிரான் அட்டவணை தளத்தின் கோப்புறைக்குள் இருப்பதில்லை. கோப்புகளையும் தரவுத்தளத்தையும் மட்டும் வேறு நிறுவனத்திற்கு மாற்றினால், தளம் குறையின்றி இயங்கும்; அன்றிரவு முதல் காப்பு நகல் மட்டும் எடுக்கப்படாது.