நேயர்

‘ஸ்நேகம்’ தமிழில் நேயமானது. நேயர் என்றால் அன்பர். இலங்கை வானொலிக்குத் தபாலட்டையில் பாட்டுக் கேட்டு எழுதிவிட்டு, தன் பெயர் வருமா என்று தோட்டத்து லயக் காம்பராவில் டிரான்சிஸ்டரை ஒட்டி உட்கார்ந்திருந்தவரும் நேயர்தான்.

நேயருக்குப் பேச்சுரிமை உண்டா? இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் கல்வி நிகழ்ச்சியொன்றை இடையில் நிறுத்தியபோது, அதில் பங்கெடுத்துவந்த நேயர் ஒருவர் வழக்காடினார். அவருடைய பேச்சுரிமை மீறப்பட்டது என்று 1996இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அருமையான தீர்ப்பு.

ஆனால் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுரிமையைப் பிரசைக்கே தருகிறது. நாடற்றவர்களாக்கப்பட்டிருந்த ஹட்டன், நுவரெலியா தோட்ட மக்களுக்கு, 1978 முதல் பத்தே ஆண்டுகளுக்கு அதை நீட்டினார்கள். அவர்களில் எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.