வேலி போட்ட கடல்

தஞ்சோங் பகார் என்று நாள்தோறும் சொல்கிறோம். ‘பகார்’ என்றால் மலாயில் வேலி. முன்பு கடலில் குளிக்கும் இடத்துக்கும் அதுவே பெயர். கரையோரத்தில் மரக்கழிகளை நெருக்கி நட்டு, சுறா நுழையாதபடி ஓர் அடைப்பு! அவற்றுள் காத்தோங் பூங்காப் பகார் பேர்போனது.

என் தாத்தா சிராங்கூன் ரோட்டுக்காரர். ஐம்பதுகளில் ஞாயிறுதோறும் கூட்டாளிகளோடு காத்தோங் போய்விடுவார். “வேலிக்கு அந்தாண்டே போகாதேடா” என்பது அவர் அம்மாவின் ஒரே எச்சரிக்கை. சுறாவை மட்டும் நினைத்த எச்சரிக்கை அது. நம் கடலில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஏறத்தாழ 3 மீட்டர் வேறுபாடு உண்டு. காலையில் முழங்கால் நனைந்த இடத்தில் சில மணி நேரத்தில் ஆள் மூழ்கிவிடும். வேலி என்னவோ அதே இடத்தில்தான் நிற்கும்!

ஒருநாள் கூட்டாளி ஒருவர், முன்பு நின்ற இடம்தானே என்று குதித்திருக்கிறார். கால் தரையைத் தொடவில்லை. தலைமுடியைப் பிடித்துத்தான் கரைக்கு இழுத்தார்களாம். “சுறாவுக்குத்தான்டா வேலி, தண்ணிக்கு ஏது?” என்று தாத்தா இன்றும் சொல்வார்.

சேதி வீட்டுக்கு எட்டியது, காத்தோங் நின்றது, மவுண்ட் எமிலி தொடங்கியது. சிராங்கூன் ரோட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். 1878-இல் நகருக்குக் குடிநீர் தரக் கட்டிய நீர்த்தேக்கம் அது. 1931-இல் அதையே நம் நாட்டின் முதல் பொது நீச்சல் குளமாக்கினர். குடிநீர்த் தொட்டியில் குளியலா என்று அக்காலத்தில் யாராவது முகம் சுளித்திருப்பார்களோ, என்னவோ! ஆனால் அங்கே ஆழம் காலையும் மாலையும் ஒன்றே. தாத்தா முறையாக நீந்தக் கற்றது அங்கேதான். 1957-இல் ஃபேரர் பார்க் குளம் வந்ததும் கூட்டம் அங்கும் போயிற்று.

மவுண்ட் எமிலி 1981-இலும் ஃபேரர் பார்க் 2003-இலும் மூடப்பட்டன. 1966-இல் தொடங்கிய கடல் தூர்ப்பினால் காத்தோங் பூங்காவை விட்டுக் கடலே விலகிப் போயிற்று. 2010 முதல் ‘ஸ்விம்சேஃபர்’ திட்டம் நீச்சலோடு, ஆபத்தில் மிதந்து தாக்குப்பிடிக்கவும் கற்றுத் தருகிறது.

தாத்தாவுக்கு அது போதாது. ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் எங்களை நிறுத்தி, “ஏறுதா, வத்துதா?” என்பார். கைப்பேசியில் பார்த்துச் சொன்ன பிறகுதான் செருப்பைக் கழற்ற விடுவார்.