மஞ்சள் பூவும் ‘வந்தேறி’ என்ற சொல்லும்

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை, ரிவஸ்டன் வழியாக லக்கலைக்குப் போகும் வீதி நக்கிள்ஸ் மலையைக் கடந்து இறங்குகிறது. இந்த மலைநாட்டு வீதியோரங்களில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் காட்டுச் சூரியகாந்தியைப் பார்த்திருப்பீங்க. சிங்களத்தில் ‘வல் சூரியகாந்த’. நம்ம ஊர்ச் செடி மாதிரியே இருக்கும். ஆனால் பூர்வீகம் மெக்சிக்கோவும் மத்திய அமெரிக்காவும். தாவரவியல் பெயர் தித்தோனியா டைவர்சிபோலியா.

1851இல் அலங்காரச் செடியாகத்தான் இதை இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். அது கோப்பிக் காலம். அதே காலத்தில்தான் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் மன்னார்ப் பக்கம் கரையிறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். செடிக்குப் பூந்தோட்டம் கிடைத்தது. நடந்தவர்களுக்கு வழியிலேயே வாந்திபேதியும் காய்ச்சலும். எத்தனையோ பேர் மாத்தளையைப் பார்க்கவே இல்லை.

பூந்தோட்டத்தில் செடி அடங்கவில்லை. விதையாலும் பரவும், ஒடித்துப் போட்ட தண்டிலிருந்தும் முளைக்கும். வெட்டவெளி கிடைத்தால் அடர்ந்து மூடி, மற்றச் செடிகளை எழும்ப விடாது. அதனால் இன்று அதன் பெயர் ‘ஆக்கிரமிப்பு அந்நியத் தாவரம்’. இந்தக் கவலை நியாயமானது. நக்கிள்ஸ் காடு 2010இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. ஆனால் இதே செடியின் இலையை விவசாயிகள் வெட்டி வயலுக்கும் தோட்டத்துக்கும் பசளையாகப் போடுறாங்க. காய்ந்த இலையில் ஏறக்குறைய 3.5% நைதரசன், 4% பொட்டாசியம்.

சரி, கோப்பி எங்கே இருந்து வந்தது? ஆப்பிரிக்காவிலிருந்து. றப்பர்? அமேசன் காட்டிலிருந்து. தேயிலையும் வெளியிலிருந்து வந்ததுதான். அவற்றை யாரும் அந்நியம் என்று திட்டுவதில்லை, ‘எங்கள் ஏற்றுமதி’ என்கிறோம். காசு தந்தால் பயிர், தராவிட்டால் களை.

செடியைப் பற்றி இப்படிப் பேசுவது தாவரவியல். அதே சொல் மனிதர் மேல் திரும்பும்போது அரசியலாகிவிடுகிறது. 1948 குடியுரிமைச் சட்டம், அந்தக் கோப்பியையும் தேயிலையையும் வளர்த்த ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களை நாடற்றவர்களாக்கியது. மிச்சம் இருந்தவர்களின் கணக்கைத் தீர்க்க 2003 வரை சட்டம் தேவைப்பட்டது.

மலையகத் தமிழரை இன்னமும் ‘வந்தேறி’ என்று சொல்பவர்கள் இருக்காங்க. அவங்ககிட்ட கேட்க ஒரேயொரு கேள்விதான்: கையில் இருக்கும் தேத்தண்ணிக் கோப்பையில் இருப்பது எந்த ஊர்ச் செடி, அதைப் பறித்தது யாருடைய கை?