மாலை நாலரை மணி

கொடகவெலப் பக்கத்துப் பழைய மாணவிகள்

நூற்றாண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தாருங்கள் என்று சங்கத்திலிருந்து கேட்டபோது, கொடகவெல, கஹவத்த, றக்வானைப் பக்கம் வாழும் பழைய மாணவிகளாகிய நாம் சிலர் ஒரு ஞாயிறு பின்னேரம் ஒன்றுகூடினோம். அதிபர்களைப் பற்றி எழுதலாம் என்றார் ஒருவர். பரீட்சைப் பெறுபேறுகளைப் பற்றி எழுதலாம் என்றார் இன்னொருவர். தேநீர் வந்து சேர்வதற்குள் எல்லோரும் ஒரே மணியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். அது மாலை நாலரை மணிக்கு அடிக்கும் விளையாட்டு மணி.

இளைய மாணவிகளுக்காக அந்த விதியை இங்கே எழுதி வைக்கிறோம். விடுதிப் பிள்ளை ஒவ்வொருத்தியும் நாலரைக்கு மைதானத்தில் நிற்க வேண்டும். வராதவளிடம் மேட்ரனின் துண்டு இருக்க வேண்டும். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முந்திய வாரங்களில், ஒவ்வொருத்தியும் தன் வயதுப் பிரிவுக்குக் குறித்த தூரத்தைக் குறித்த நேரத்துக்குள் ஓடியோ, குறித்த உயரத்தைப் பாய்ந்தோ தன் இல்லத்துக்கு ஒரு புள்ளியாவது சேர்க்க வேண்டும். முதலாவதாக வருபவளுக்கு மட்டும் உரியதல்ல அந்தப் புள்ளி. கடைசியாக ஓடி வருபவளும் நேரத்துக்குள் வந்தால் அவளுக்கும் அதே ஒரு புள்ளிதான்.

மைதானத்தில் பெயர் கூப்பிட்டு அடையாளமிடும்போது, தோட்டத்துப் பிள்ளைகளாகிய நாம் எமக்குள் "பெரட்டு" என்று சொல்லிச் சிரிப்போம். விடியற்காலையில் எம் தாய் தந்தையர் பெரட்டுக்களத்தில் நின்று பேர் கொடுத்து வேலைக்குப் போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். மேட்டிலும் பள்ளத்திலும் இறப்பரும் தேயிலையும் நிறைந்த எமது தோட்டங்களில் சமதரை என்று இருந்ததும் அநேகமாக அந்தப் பெரட்டுக்களம் ஒன்றுதான்.

விதி எங்கிருந்து வந்தது?

அன்று நாம் முணுமுணுத்த இந்த விதி எங்கள் அதிபர் ஒருவரின் மனத்தில் மட்டும் தோன்றியதல்ல. அதற்கு நீண்ட வரலாறு உண்டு.

தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை என்ற ஏற்பாடு யாழ்ப்பாணத்தில் 1824இல் உடுவிலில் தொடங்கியது. அமெரிக்க மிஷனரியான ஹரியட் வின்ஸ்லோ அம்மையார் அதை ஆரம்பித்தார். பின்னர் எலைசா அக்னியு அம்மையார் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், 1879 வரை, அதை நடத்தினார். மலைநாட்டில் கண்டி மகளிர் உயர்தரப் பாடசாலை 1879இல் மெதடிஸ்த திருச்சபையாரால் தொடங்கப்பட்டது. எழுத்து, கணக்கு, தையல், வேதபாடம், ஒழுக்கம் ஆகியவற்றுக்கே அந்தக் கால விடுதிகளில் முதலிடம். பெண்பிள்ளை ஓட வேண்டும் என்ற எண்ணம் பிறகே வந்தது.

அந்த எண்ணம் கப்பலேறி வந்தது. சுவீடன் நாட்டில் பெர் ஹென்ரிக் லிங் வகுத்த தேகப்பியாச முறையை அந்நாட்டவரான மார்ட்டினா பெர்க்மன் ஆஸ்டர்பெர்க் அம்மையார் 1881இல் லண்டன் பாடசாலைகளுக்குக் கொண்டுவந்தார். 1885இல் பெண் ஆசிரியைகளுக்கென்றே ஒரு பயிற்சிக் கல்லூரி தொடங்கினார். 1895இல் அது டார்ட்ஃபோர்ட் என்ற ஊருக்கு இடம் மாறியது. 1891இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் உருவாக்கிய கூடைப்பந்தாட்டம் இங்கிலாந்துப் பெண்களின் கையில் மாறி வலைப்பந்தாகி, 1901இல் அதற்கெனத் தனி விதிகள் எழுதப்பட்டன.

1899 முதல் 1902 வரை நடந்த போவர் யுத்தத்துக்கு ஆள் சேர்த்தபோது, இங்கிலாந்தின் ஏழை இளைஞர் பலர் உடல் தகுதியின்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். இனத்தின் உடல்நலம் குன்றுகிறதா என்று ஆராய ஒரு குழு அமைந்து 1904இல் அறிக்கை தந்தது. 1909இல் பாடசாலைகளுக்கான உடற்பயிற்சிப் பாடத்திட்டம் வெளியானது. பெண்பிள்ளைகளின் உடல் அதில் கவனம் பெற்றதற்கு ஒரு காரணம், நாளை சாம்ராச்சியத்துக்கு வலிமையான பிள்ளைகளைப் பெறுவார்கள் என்ற கணக்கு. ஆகவே இந்த விதியைப் பிறப்பித்தவர்களின் நினைவில் கொடகவெலத் தோட்டத்து லயத்துப் பிள்ளை இருந்திருக்க மாட்டாள். அது எம்மிடம் வந்து சேர்ந்தபோது அதன் பொருள் மாறியது என்பதே நாம் சொல்ல வந்த செய்தி.

சங்கம் பிறந்த இருபதுகள்

எமது சங்கத்தின் முதல் ஆண்டுகளான அந்த இருபதுகளை எண்ணிப் பாருங்கள். 1917இல் கண்டி மகளிர் உயர்தரப் பாடசாலையில் இலங்கையின் முதலாவது பெண் சாரணியர் குழு தொடங்கியிருந்தது. 1920இல் சென்னையில் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் வை.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். விளையாட்டு ஆசிரியம் ஒரு தொழிலாக இப்பிரதேசத்தில் வேரூன்ற அது வழிவகுத்தது. 1927இல் சாரணியர் அணியும் அரசாங்க ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி அணியும் மோதியதே இலங்கையில் நடந்த முதலாவது வலைப்பந்துப் போட்டி என்று குறிக்கப்படுகிறது.

மறு ஆண்டு, 1928இல், அம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பெண்களுக்கு மெய்வல்லுநர் போட்டிகள் வைக்கப்பட்டன. 800 மீற்றரில் ஜெர்மனியின் லீனா ராட்கே வென்றார். ஓடி முடித்த பெண்கள் களைத்து விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுதின. பெண்ணுடல் இதற்கு ஏற்றதல்ல என்ற முடிவு அதிலிருந்து எடுக்கப்பட்டது. அதன்பின் 1960 வரை ஒலிம்பிக்கில் 200 மீற்றருக்கு மேற்பட்ட ஓட்டம் பெண்களுக்கு வைக்கப்படவில்லை.

அதே ஆண்டுகளில் எமது பாட்டிமார் கூடை நிறையக் கொழுந்தைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறி இறங்கினார்கள். அந்த உடல் தாங்குமா என்று எந்தக் குழுவும் கேட்டதில்லை. உழைப்பதற்குப் பெண்ணுடல் போதுமானதாகவும் ஓடுவதற்குப் போதாததாகவும் இருந்தது.

கட்டாயம் தந்த அனுமதி

1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்கும் கல்வி வேண்டும் என்றது. ஆனால் தோட்டப் பாடசாலை கீழ் வகுப்புகளோடு நின்றுவிடும். சபரகமுவையில் தமிழில் மேலே படிக்க இடம் அரிது. அதனால் படிக்க வைக்க நினைத்த சில பெற்றோர் எம்மைத் தூரத்து விடுதிக்கு அனுப்பினார்கள். முந்திய தலைமுறையினர் ஓப்பநாயக்கவிலிருந்து இரத்தினபுரி வழியாக அவிசாவளைக்கு ஓடிய சின்ன ரயிலில் ட்ரங்குப் பெட்டியோடு போனார்கள். நாம் பெல்மதுளை வரை பஸ்ஸில் போய் அங்கிருந்து மாறிப் போனோம்.

வீட்டில் நாம் ஓடியதெல்லாம் தண்ணீருக்கும் விறகுக்கும் தம்பியைத் தூக்குவதற்கும்தான். வயதுக்கு வந்த பிறகு அந்த ஓட்டமும் நின்றுவிடும். எம்மில் ஒருவரின் தகப்பனார் கங்காணி. மகள் அரைப்பாவாடை கட்டிக்கொண்டு ஓடுகிறாள் என்று கேள்விப்பட்டு, ஒரு பார்வையாளர் தினத்தன்று அதிபரிடம் வந்தார்.

"பெரிய பிள்ளைங்க. ஓடத்தான் வேணுங்களா?"

"விடுதிப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே விதிதான் ஐயா. உங்கள் மகளுக்கு மட்டும் மாற்ற முடியாது" என்றார் அதிபர்.

தகப்பனார் சற்று நேரம் யோசித்துவிட்டு, "சட்டம்னா சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். தோட்டத்தில் உறவினர் கேட்டபோது, "நானா விட்டேன்? பள்ளிக்கூடத்துச் சட்டம்" என்றாராம். அந்த வருடப் போட்டிக்கு அவரே வந்து, மகள் அஞ்சல் ஓட்டத்தில் கோல் வாங்கி ஓடுவதைக் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தார்.

விரும்பினால் விளையாடலாம் என்று அந்த விதி எழுதப்பட்டிருந்தால் அவர் மகள் ஒருநாளும் ஓடியிருக்க மாட்டாள். விருப்பம் என்றால் வீட்டில் அனுமதி கேட்க வேண்டும். கட்டாயம் என்றால் கேட்க வேண்டியதில்லை. எம்மில் எத்தனை பேருக்குக் கட்டாயம் என்ற அந்த ஒரு சொல்லே அனுமதியாக இருந்தது என்பதை இப்போதுதான் உணர்கிறோம்.

விதியில் குறை இல்லை என்று நாம் சொல்லவில்லை. இழுப்பு நோயுள்ள பிள்ளை துண்டு வாங்கத் தயங்கி ஓடி, மூச்சுத் திணறி உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறோம். பருமனான பிள்ளை உயரம் பாயும் கம்பைத் தட்டும்போதெல்லாம் சிரித்தவர்களில் நாமும் இருந்தோம். அதற்காக இன்று வருந்துகிறோம். மாதவிலக்கு நாட்களில் மேட்ரன் காரணம் கேளாமல் துண்டு எழுதித் தந்ததையும் நன்றியோடு நினைக்கிறோம்.

பிரிந்து போனவர்கள்

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் தோட்ட மக்களில் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மிஞ்சிய 1,50,000 பேரின் கதி 1974இல் முடிவானது. எமது இல்ல அணிகளும் அப்படியே பங்கிடப்பட்டன. எம்மோடு அஞ்சல் ஓட்டம் ஓடிய நால்வரில் இருவர் தலைமன்னாரில் கப்பலேறினார்கள். நாடு எது என்று தெரியாத பிள்ளை எந்த நாட்டின் பெயரில் ஓட முடியும்? அவர்கள் கொண்டுபோன பெட்டியில் விளையாட்டுச் சான்றிதழும் இருந்தது. தன் பெயரும் தன் பாடசாலையின் பெயரும் சேர்ந்து அச்சான கடதாசி அது. நீலகிரியிலோ வேறெங்கோ இருந்து இம்மலரை வாசிக்கும் தோழியே, உன் இடம் அணியில் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.

இன்று

சபரகமுவைப் பெண்ணால் எவ்வளவு தூரம் ஓட முடியும் என்பதற்கு இன்று சான்று தேட வேண்டியதில்லை. கேகாலை மாவட்டத்து வறக்காப்பொலைப் பக்கத்தைச் சேர்ந்த சுசந்திகா ஜயசிங்க 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றரை 22.28 செக்கனில் ஓடி மூன்றாவதாக வந்தார். முதலாவதாக வந்தவர் தகுதியிழந்ததால் பின்னர் அது வெள்ளிப் பதக்கமானது. யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் வலைப்பந்தில் 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் ஆடினார். 2019 உலகக் கிண்ணப் போட்டியில் அதிக கோல்கள் போட்டவரும் அவரே.

ஆனால் எமது பேத்திமார் நாலரை மணிக்கு எங்கே இருக்கிறார்கள்? டியூஷனுக்குப் போகும் முச்சக்கரவண்டியில். சுகாதாரமும் உடற்கல்வியும் என்ற பாடம் கீழ் வகுப்புகளில் எல்லோருக்கும் உண்டு. சாதாரண தரத்துக்கு வந்ததும் அது விரும்பினால் எடுக்கும் பாடமாகிவிடுகிறது. அந்த வயதில்தான் பெண்பிள்ளை மைதானத்தை விட்டுப் போகிறாள். விருப்பத்துக்கு விட்டால் யார் விருப்பம் வெல்லும் என்பது எமக்குத் தெரியும்.

எனவே சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். 400 மீற்றர் ஓடுபாதைக்கு எமது மலைச்சரிவில் இடமில்லை. வலைப்பந்துத் தளத்துக்கு 30.5 மீற்றர் நீளமும் 15.25 மீற்றர் அகலமும் போதும். இரண்டு கம்பங்கள், 3.05 மீற்றர் உயரத்தில் இரண்டு வளையங்கள், ஒரு பந்து. ஒரே வேளையில் பதினான்கு பிள்ளைகள் ஆடலாம். நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கை ஒதுக்கி, இப்பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் அப்படி ஒரு தளத்தைச் சமப்படுத்திக் கொடுப்போம். கொடுக்கும்போது அதிபரிடம் ஒரு நிபந்தனையும் வைப்போம்: வாரத்தில் ஒரு நாளாவது எல்லாப் பெண்பிள்ளைகளும் அங்கே இறங்க வேண்டும், கடைசியாக வருபவளுக்கும் ஒரு புள்ளி உண்டு.

கொடகவெலப் பக்கத்திலிருந்து நாம் எழுவர் முதற்பங்கைத் தர ஆயத்தமாக இருக்கிறோம். மற்றைய தோழிகளும் சேர்ந்துகொள்வீர்கள் என்று நம்புகிறோம். சங்கம் நீடூழி வாழ்க.