இருபது சென்ட் ஆடுகளம்: பெண்கள் ஃபுட்சாலும் ஒரு மதுரை கிளப்பும்

முழு அளவு கால்பந்து மைதானம் ஒன்றுக்கு எவ்வளவு இடம் வேண்டும் தெரியுமா? சர்வதேசப் போட்டிகளில் வழக்கமான அளவு 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 1 ஏக்கர் 76 சென்ட்! செங்கோட்டையைத் தாண்டி, கொல்லம் சாலையில் கேரள எல்லையை ஒட்டி இருக்கும் புளியறை மாதிரி ஊரில் இது லேசுப்பட்ட விஷயம் இல்லை. ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவு. சமமாகக் கிடக்கும் நிலமெல்லாம் வயலாகவோ தென்னந்தோப்பாகவோ இருக்கும். விளையாடுவதற்கென்று ஒன்றே முக்கால் ஏக்கரை யார் ஒதுக்குவார்கள்?

ஆனால் கால்பந்துக்கு ஒரு தங்கை உண்டு. பெயர் ஃபுட்சால். அதன் ஆடுகளம் 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம்தான். கணக்குப் போட்டால் 20 சென்ட் கூட வராது. பள்ளிக்கூடத்து சிமெண்ட் தரையே போதும். இந்தச் சின்ன ஆட்டத்துக்கும் பெண்கள் கடல் கடந்து போய் ஆடியதற்கும் மதுரையில் இருக்கும் ஒரு கிளப்புக்கும் உள்ள தொடர்பைப் பார்ப்போம்.

ஃபுட்சால் பிறந்த கதை:

1930-ல் முதல் உலகக் கோப்பை கால்பந்துப் போட்டி உருகுவே நாட்டில் நடந்தது. கோப்பையை வென்றதும் உருகுவேதான். நாடே கால்பந்துப் பைத்தியமாக இருந்த அந்த நேரத்தில், தலைநகர் மான்டிவிடியோவில் ஒய்.எம்.சி.ஏ.வில் பணியாற்றிய உவான் கார்லோஸ் செரியானி என்ற உடற்பயிற்சி ஆசிரியர், மழை பெய்தாலும் கூரைக்குக் கீழே ஆடக்கூடிய ஒரு கால்பந்தை யோசித்தார். கூடைப்பந்திலிருந்து ஐந்து பேர் கொண்ட அணி, கைப்பந்திலிருந்து ஆடுகள அளவு, வாட்டர் போலோவிலிருந்து கோல்கீப்பர் பற்றிய விதிகள் என்று அங்கங்கே எடுத்துச் சேர்த்தார். பந்தும் சற்றுச் சிறியது, அதிகம் துள்ளாது.

இன்றைய விதிப்படி ஒரு பாதிக்கு 20 நிமிடம். பந்து வெளியே போனால் கடிகாரமும் நின்றுவிடும். வீரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். வெளியே போன பந்தை 4 வினாடிக்குள் உள்ளே அனுப்பியாக வேண்டும். ஒரு பாதியில் ஆறாவது தவறிலிருந்து எதிரணிக்குத் தடுப்புச் சுவர் இல்லாத நேரடி உதை கிடைக்கும். இடம் குறைவு என்பதால் ஒவ்வொருவர் காலுக்கும் பந்து அடிக்கடி வரும். பந்தைக் கட்டுப்படுத்தவும் நொடியில் முடிவெடுக்கவும் இதைவிட நல்ல பயிற்சி இல்லை என்பார்கள்.

பெண்களுக்குப் போட்ட பூட்டு:

ஃபுட்சாலில் கொடிகட்டிப் பறக்கும் நாடு பிரேசில். அதே பிரேசில்தான் 1941-ல், பெண்களின் உடலுக்குப் பொருந்தாத விளையாட்டுகளைப் பெண்கள் ஆடக்கூடாது என்று சட்டம் போட்டது. போதாதென்று 1965-ல் தடை செய்யப்பட்ட விளையாட்டுகளைப் பெயர் சொல்லிப் பட்டியலே போட்டார்கள். அதில் கால்பந்து இருந்தது, கடற்கரைக் கால்பந்து இருந்தது, உள்ளரங்கக் கால்பந்தும் இருந்தது! கூரைக்குக் கீழே ஆடினாலும் குற்றம்தான். 1979-ல்தான் தடை நீங்கியது. இங்கிலாந்தும் சளைத்ததில்லை. 1921 முதல் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள், தன் கிளப்புகளின் மைதானங்களைப் பெண்களுக்குத் தரக்கூடாது என்று அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் தடை வைத்திருந்தது.

பூட்டைத் திறந்த பிறகும் எல்லாம் தாமதமாகவே வந்தது. ஆண்களுக்கான ஃபிஃபா ஃபுட்சால் உலகப் போட்டி 1989-ல் நெதர்லாந்தில் தொடங்கிவிட்டது. பெண்களுக்கான முதல் ஃபிஃபா ஃபுட்சால் உலகக் கோப்பை நடந்தது 2025 நவம்பர், டிசம்பரில், பிலிப்பைன்ஸில். இடைவெளி 36 ஆண்டுகள்! இறுதிப் போட்டியில் போர்ச்சுகலை 3-0 என்று வென்று கோப்பையை எடுத்தது, ஒரு காலத்தில் தடை போட்ட அதே பிரேசில்.

கிளப் அளவிலும் இதே கதைதான். ஆசியாவில் ஃபுட்சால் கிளப் சாம்பியன்ஷிப் 2010-ல் ஈரானின் இஸ்பஹான் நகரில் தொடங்கியது, ஆண்களுக்காக. ஐரோப்பாவில் ஆண்கள் கிளப்புகளுக்கு 2001-லேயே கோப்பை வந்துவிட்டது. அங்கே பெண்கள் கிளப்புகள் காத்திருந்து அலுத்துப்போய், தங்களுக்குள்ளேயே பேசி ஒரு சர்வதேசப் போட்டியை நடத்த ஆரம்பித்தன. அதை வென்றவற்றில் ஸ்பெயினின் புரேலா, அட்லெடிகோ நவல்கார்னெரோ ஆகிய அணிகள் உண்டு. பெரிய அமைப்புகள் கதவைத் திறக்காதபோது கிளப்புகள் ஜன்னல் வழியாக நுழைந்தன என்று சொல்லலாம்.

மாலத்தீவில் திறந்த வழி:

தெற்காசியாவில் அந்த ஜன்னல் மாலத்தீவு. தூத்துக்குடியிலிருந்து காய்கறியும் கட்டுமானப் பொருட்களும் ஏற்றிக்கொண்டு தோணிகள் போகும் அதே மாலே நகரம்தான். சின்னத் தீவு, நெருக்கமான கட்டடங்கள், பெரிய மைதானத்துக்கு இடமே இல்லை. ஆகவே ஃபுட்சால் அங்கே இயல்பாகவே வேரூன்றியது. போலீஸ் கிளப், ராணுவ கிளப் போன்றவை பெண்கள் அணிகளையும் வைத்திருந்தன. வெளிநாட்டு வீராங்கனைகளை அழைத்து ஆடவைத்தன.

இந்தியாவில் தேசிய அளவில் பெண்களுக்கு லீக் எதுவும் இல்லாத 2014-ல், மணிப்பூரின் பெம்பெம் தேவி மாலத்தீவின் நியூ ரேடியண்ட் அணிக்காகக் கால்பந்து ஆடினார். 2015-ல் வங்கதேசத்தின் சாத்கீரா பகுதியைச் சேர்ந்த சபீனா காதுன் மாலத்தீவு போலீஸ் அணிக்காக ஃபுட்சால் ஆடப் போனார். வெளிநாட்டு கிளப்புக்கு ஆடிய முதல் வங்கதேசப் பெண் அவர்தான். அவருக்கு வெளிநாட்டு வாசலைத் திறந்தது ஒரு சின்ன ஆடுகளம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

மதுரையின் சேது:

2016-17 பருவத்தில் இந்தியப் பெண்கள் லீக் தொடங்கியது. மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி. 2018-ல் ஷில்லாங்கில் நடந்த லீக்குக்கு இரண்டு வங்கதேச வீராங்கனைகளை அழைத்து வந்தது. ஒருவர் சபீனா காதுன், இன்னொருவர் கிருஷ்ணா ராணி சர்க்கார். ஏப்ரலில் மதுரை அணிக்குக் கால்பந்து ஆடிய சபீனா, மே மாதம் பாங்காக்கில் வங்கதேசத்துக்காக ஆசியப் பெண்கள் ஃபுட்சால் போட்டியில் ஆடினார்! நான்கு ஆண்டுகள் கழித்து, 2022 செப்டம்பரில் காத்மாண்டுவில் நடந்த தெற்காசியக் கால்பந்து இறுதிப் போட்டியில் நேபாளத்தை 3-1 என்று வென்றது வங்கதேசம். கேப்டன் சபீனா. இரண்டு கோல் அடித்தவர் கிருஷ்ணா ராணி. இருவரும் மதுரை கிளப்புக்கு ஆடியவர்கள் என்பது நமக்கும் ஒரு சின்னப் பெருமைதான்.

சேது எஃப்.சி. 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்திய சாம்பியன் ஆனது. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் அந்த அணியில் ஆடியவர்கள். பயிற்சியாளர் அம்ருதா அரவிந்த் கேரளத்துக்காரர். பின்னாளில் இந்துமதியும் சந்தியாவும் கேரளத்தின் கோகுலம் அணிக்குப் போய் 2022-23 லீக்கை வென்று கொடுத்தார்கள். புளியறையும் செங்கோட்டையும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடுதான் இருந்தன, அதன்பிறகே சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. மாநில எல்லைக்கோடு இப்படி இடம் மாறும். ஆட்டக்காரர்கள் அதை எப்போதுமே இரண்டு பக்கமும் கடந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

சரி, இந்திய சாம்பியனான சேது ஆசியாவில் ஆடியதா? இல்லை. 2019 நவம்பரில் தென்கொரியாவின் யோங்கின் நகரில் ஆசியப் பெண்கள் கிளப் போட்டி முன்னோட்டமாக நடந்தது. ஜப்பான், சீனா, தென்கொரியா, ஆஸ்திரேலியா ஆகிய நான்கு நாட்டு அணிகளுக்கு மட்டுமே அதில் இடம் இருந்தது. மதுரை அணி கோப்பையை வென்ற வருடத்தில் இந்தியாவுக்கு வாசல் திறக்கவே இல்லை!

தாஷ்கண்டில் நடந்தது:

2021-ல் வாசல் திறந்தது. ஜோர்டானில் நடந்த போட்டியில் கோகுலம் கேரளா, அம்மான் கிளப்பிடமும் ஈரானின் ஷஹர்தாரி சிர்ஜான் அணியிடமும் தோற்றாலும், உஸ்பெகிஸ்தானின் புன்யோத்கோர் அணியை 3-1 என்று வென்று மூன்றாம் இடம் பிடித்தது. மறு ஆண்டு உஸ்பெகிஸ்தானில் போட்டி. அணி தாஷ்கண்ட் போய் இறங்கிய நேரத்தில், 2022 ஆகஸ்ட் 16 அன்று ஃபிஃபா இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்தது. நிர்வாகத்தில் வெளியாரின் தலையீடு என்பது காரணம். முதல் ஆட்டம் ஆகஸ்ட் 23. தடை நீங்கியது ஆகஸ்ட் 26. வீராங்கனைகள் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் திரும்பினார்கள்.

அக்டோபரில் இந்தியாவில் நடக்கவிருந்த 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பை மட்டும் காப்பாற்றப்பட்டது. நாட்டின் போட்டிக்குக் கவலைப்பட ஆள் இருந்தார்கள். ஒரு கிளப்பின் பெண்களுக்கு நேர்ந்த நஷ்டத்தை ஈடுகட்ட வழியே இல்லாமல் போனது.

இனி என்ன?

ஃபுட்சாலில் நம் நிலை இன்னும் பின்தங்கியே இருக்கிறது. வங்கதேசப் பெண்கள் 2018-லேயே ஆசியப் போட்டியில் ஆடிவிட்டார்கள். இந்தியப் பெண்கள் அணி ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றில் முதன்முதலாக இறங்கியது 2025 ஜனவரியில், இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில். திறமைக் குறைவு இதற்குக் காரணமாக இருக்க முடியாது. 2017-18லும் 2022-23லும் தேசியப் பெண்கள் கால்பந்துப் பட்டத்தை வென்ற மாநிலம் நம் தமிழ்நாடு.

சபீனாவின் பாதையை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். சாத்கீராவிலிருந்து மாலே, மாலேயிலிருந்து மதுரை கிளப், பிறகு தெற்காசியக் கோப்பை. அந்தப் பாதையில் அவரைத் தூக்கிவிட்டவை கிளப்புகள். இடம் இல்லை என்று மாலத்தீவு கைகட்டி உட்காரவில்லை, இருக்கிற இடத்தில் போட்டியை நடத்தி அக்கம்பக்கத்து நாட்டுப் பெண்களையும் அழைத்தது. புளியறை, தென்காசி, குற்றாலம் பக்கத்துப் பள்ளிகளிலும் இருபது சென்ட் சமதளம் கிடைக்காமல் போகாது. கோடு போட ஒரு மூட்டை சுண்ணாம்பு, இரண்டு கோல் கம்பம், ஒரு பந்து... ஆட்டம் தொடங்கிவிடும். வருடா வருடம் தவறாமல் ஒரு போட்டி நடத்தினால் போதும், அங்கிருந்து வெளியே போகும் வழியைப் பெண்கள் தாங்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள்!