எப்போதும் என்ற ஒரு சொல்

2014 நவம்பரில் ஜெர்மனியின் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பில் ஓராண்டு வேலை பார்த்த பெண்ணுக்கு, “எங்களுக்கு முழுத் திருப்தி தரும்படி பணியாற்றினார்” என்று சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். அவர் கேட்டது “எப்போதும் முழுத் திருப்தி தரும்படி.” ஒரு சொல்தான் வித்தியாசம்.

இதுக்கெல்லாமா கேஸ் போடுவாங்க என்று தோன்றும். ஜெர்மன் பள்ளிகளில் 1 முதல் மார்க், 6 கடைசி. வேலைச் சான்றிதழில் ‘முழுத் திருப்தி’ என்றால் 3. ‘எப்போதும்’ சேர்ந்தால் 2. ‘முழு’ போய் வெறும் திருப்தி நின்றால் 4. முதல் மார்க்குக்கு ‘முழுமையிலும் முழுமையான’ என்று எழுத வேண்டும். முழுசுக்கு மேல என்ன முழுசு என்று அந்த ஊர்க்காரர்களே கேலி செய்வார்கள். “முயற்சி செய்தார்” என்று இருந்தால் சோலி முடிந்தது.

ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் என் கல்லூரி நண்பன் தன் சான்றிதழை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பார்த்துவிட்டு, “மச்சி, செமயா எழுதியிருக்காங்கடா” என்று அனுப்பினான். அதில் ‘எப்போதும்’ இல்லை.

இந்த மொழி பிறந்ததற்குச் சட்டமே காரணம். சான்றிதழில் இருப்பது உண்மையாக இருக்க வேண்டும். அதோடு, போகிறவரின் பிழைப்பைத் தேவையில்லாமல் கெடுக்காதபடி நல்லெண்ணத்தோடும் எழுத வேண்டும் என்று 1963இல் கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது. இரண்டையும் சேர்த்து எழுதப் போனால் பாராட்டுக்குள்தான் திட்ட முடியும்.

பழைய முதலாளி என்ன எழுதலாம் என்ற சண்டை இதைவிடப் பழையது. 1803இல் பிரான்ஸ் தொழிலாளிகளுக்கு ‘லிவ்ரே’ என்ற சிறு புத்தகத்தைக் கட்டாயமாக்கியது. அது இல்லாமல் ஊர்விட்டு ஊர் போகிறவன் நாடோடியாகக் கருதப்பட்டான். வாங்கிய முன்பணம் அதில் ஏறியிருந்தால் அடுத்த முதலாளி கூலியில் பிடித்துக்கொள்வார். தொழிலாளியைப் பற்றி நல்லதும் எழுதக் கூடாது, கெட்டதும் எழுதக் கூடாது என்று 1854இல் சட்டம் வந்தது. நல்லதையும் தடுத்தது எனக்குப் பிடித்திருக்கிறது: பாராட்டை அனுமதித்தால் பாராட்டாமல் விடுவதே வசை ஆகிவிடும். 1890இல் புத்தகமே ஒழிந்தது. இன்றும் பிரெஞ்சுச் சான்றிதழுக்குச் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பார்த்த வேலை, இவ்வளவு போதும்.

ஜெர்மனி வேறு வழியில் போனது. 1900இல் நடைமுறைக்கு வந்த சிவில் சட்டம், கேட்டால் திறமையையும் நடத்தையையும் பற்றி எழுதித்தர வேண்டும் என்றது. இன்றைய தொழில் சட்டத்தின் 109ஆம் பிரிவு, சொல்லின் நேர்ப்பொருளைத் தாண்டி வேறொன்றைச் சொல்லும் நோக்கமுள்ள வாசகம் எதுவும் கூடாது என்கிறது. ஆனாலும் யாரும் சான்றிதழை நேராகப் படிப்பதில்லை. எஸ்ஏபி பிரிவில் வேலை பார்த்த ஒருவர், “மிகுந்த ஆர்வமுள்ளவராக அவரை அறிந்துகொண்டோம்” என்பதில் ‘அறிந்துகொண்டோம்’ ஒரு ரகசியக் குத்து என்று வழக்குப் போட்டார். அப்படியெல்லாம் இல்லை என்று 2011இல் நீதிமன்றம் தள்ளிவிட்டது.

நம்ம ஊர் ஐடி கம்பெனிகளில் பழைய ஹெச்ஆர் பெரும்பாலும் தேதியையும் பதவியையும் மட்டும் உறுதிசெய்வார். பிரான்ஸ் மாதிரி நாகரிகமாகத்தான் தெரியும். ஆனால் சரிபார்க்கும் ஏஜென்சியின் படிவத்தில், “இவரை மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா?” என்று ஒரு வரி இருக்கும். அதில் விழும் ‘இல்லை’ நம் கண்ணுக்கே வராது. பழைய மேனேஜருக்குப் போகும் போனும் அப்படித்தான். ஜெர்மன் சான்றிதழ் எவ்வளவு பூடகமானாலும் கையில் இருக்கிறது. ஒரு சொல்லைக் காட்டி நீதிமன்றப் படி ஏறலாம். இரண்டில் ஒன்று என்றால் நான் அந்தக் காகிதத்தைத்தான் கேட்பேன்.

படி ஏறினால் ஜெயிப்போம் என்றில்லை. வரவேற்பு வேலை பார்த்த பெண்ணுக்குக் கீழ் நீதிமன்றங்கள் ‘எப்போதும்’ கொடுத்தன. மேல் நீதிமன்றம் அதை ரத்துசெய்து, 3க்கு மேல் வேண்டுமென்றால் தகுதியை அவர்தான் நிரூபிக்க வேண்டும் என்று வழக்கைத் திருப்பி அனுப்பியது. கிட்டத்தட்ட 90 சதவீதச் சான்றிதழ்கள் 1, 2 என்றே எழுதப்படுகின்றன என்ற வாதமும் எடுபடவில்லை. அதற்கு இரண்டாண்டு முன்பு கட்டுமானப் பொருள் கடை மேலாளர் ஒருவர், தன் சான்றிதழின் கடைசியில் நன்றி சொல்லவில்லை என்று அதே நீதிமன்றத்துக்குப் போனார். நன்றி சொல்லும்படி முதலாளியைக் கட்டாயப்படுத்த முடியாது, முடிவு வாசகம் பிடிக்கவில்லை என்றால் அதை நீக்கச் சொல்லிக் கேட்கலாம் என்றார்கள்.